ஒரே வாசல் உள்ள வீடு

அன்றைக்கு மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தோம். நான் ஒருவன். என் தம்பி மகன் சௌந்தர். அவன் மனைவி பிரமிளா. பிரமிளாவின் அப்பா நாச்சிமுத்து, கோயம்புத்தூர்க்காரர், எனக்குச் சம்பந்தி முறை. ஐந்தாவது ஆதிரை, சௌந்தரின் மகள், நாலரை வயது. அவள் மடியில் மூக்கி என்று ஒரு துணிப் பொம்மை இருந்தது. அதை நான் சேர்க்கவில்லை. ஆதிரை சேர்ப்பாள். அவளைக் கேட்டால் ஆறு.

மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா. நான் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவன் இல்லை. விமானத்துக்குக் காத்திருக்கும் இந்த வரிசையில் பதினாறு நாற்காலி, ஒன்பது காலியாக இருந்தது. நீங்கள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். உங்கள் போனில் நீங்கள் தள்ளித் தள்ளிப் பார்க்கிற படங்கள் என் கண்ணில் பட்டுவிட்டன. எட்டிப் பார்த்தது தப்புத்தான். வெள்ளை வெள்ளையாக வீடு, பின்னால் கடல், முன்னால் நீலமாக ஒரு நீச்சல் குளம். விடுமுறைக்கு எடுக்கிற வீடுதானே? மத்தியதரைக் கடலில் ஏதோ ஒரு தீவுதானே? இதே மாதிரி படங்களைத்தான் அன்றைக்கு நாங்களும் பார்த்தோம். அந்த நீலத்தைப் பார்த்த பிறகு என்னால் சும்மா உட்கார முடியவில்லை. அதனால்தான் பேசுகிறேன்.

அதோ அந்தக் கண்ணாடிப் பக்கம் நிற்கிறது உங்கள் பிள்ளையா? அப்பாவோடு நிற்கிறது. சரி. என்ன வயது? ஐந்தா.

சரி. சொல்கிறேன்.

நான் சாத்தூர்ப் பக்கம். அரசு மாணவர் விடுதியில் காவலாளியாக இருந்தேன். இருபத்தாறு வருடம், நான்கு மாதம். படித்தது ஐந்தாம் வகுப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி இறந்த பிறகு சௌந்தர் என்னிடம்தான் வளர்ந்தான். இப்போது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை. "பெரியப்பா, ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்று ஆறு வருடமாகக் கூப்பிட்டான். மே மாதம் வந்தேன். தொண்ணூறு நாள் விசா. இன்று நாற்பத்தொன்பதாவது நாள்.

நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள், தெரிகிறது. ஆமாம், நாற்பத்தோரு நாள் பாக்கி இருக்கிறது. எனக்கு இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று பிரமிளாதான் டிக்கெட்டை மாற்றச் சொன்னாள். பெரியவர்கள் உடம்பில் அவளுக்கு அக்கறை அதிகம். ஜூலையில் எனக்குக் குளிர் தெரியவில்லை, இருந்தாலும் அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வந்த எட்டாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை டிபன் முடிந்ததும் சௌந்தர் டிவியில் படங்களைப் போட்டான். கிரேக்க நாட்டுத் தீவு, கிரீட் என்று பெயர். ஆறு நாள் எல்லோரும் போய் இருப்பதாகத் திட்டம். மூன்று வீடு காட்டினான். எதை எடுப்பது என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

முதல் வீடு மலை உச்சியில். சாலையிலிருந்து வாசலுக்கு அறுபது படி என்றான் சௌந்தர். அறுபத்தெட்டு. நான் படத்திலேயே எண்ணிவிட்டேன். அங்கே குளத்துக்கு விளிம்பே கிடையாது. தண்ணீர் அப்படியே போய் ஆகாயத்தில் முடிகிறது. அதைப் பார்த்ததும் நாச்சிமுத்து நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "ஏனுங்க மாப்பிள்ளை, இது குளிக்கறதுக்கா, சாகறதுக்கா?" என்றார். அந்த வீடு அத்தோடு போயிற்று.

இரண்டாவது வீடு ஆலிவ் மரத் தோப்புக்குள். தரைத்தளம் மட்டும், பெரிய கூடம், நான்கு அறை. வெளியே போக ஐந்து கதவு. வீட்டுக்குப் பின்னால் குளம்.

மூன்றாவது வீடு ஊருக்குள், ஒரு சந்தில். குளம் கிடையாது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். ஒரே வாசல். வாசற்படியில் ஒரு மஞ்சள் பூனை படுத்திருந்தது.

"எனக்கு அந்தப் பூனை வீடு" என்றாள் ஆதிரை.

பிரமிளா இரண்டாவது வீட்டைப் பற்றி ஒரே கேள்விதான் கேட்டாள். "குளத்தைச் சுத்தி வேலி இருக்குதா?" சௌந்தர் வீட்டுக்காரருக்கு அங்கேயே எழுதிக் கேட்டான். பதில் வந்தது. வேலி இல்லை, ஆனால் ஒரு பக்கம் ஆழம் குறைவு என்று. "அப்ப மூணாவது வீடு" என்றாள் பிரமிளா.

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொன்னேன். "ஒரே வாசல்ப்பா. அதுதான் நல்லது" என்றேன்.

சௌந்தர் சிரித்தான். "பெரியப்பா, இன்னும் ஹாஸ்டல் ஞாபகத்துலயே இருக்கீங்க."

"ஏனுங்க சம்பந்தி," என்றார் நாச்சிமுத்து, "இத்தன தூரம் ஏரோப்ளேன் ஏறிப் போயி சந்துக்குள்ள உக்காரோணுமுங்களா? அதுக்கு எங்க டவுன்ஹால் பக்கமே ஒரு சந்து புடிச்சுத் தர்றனே. பூனையும் நாலு விட்டுத் தர்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பிரமிளா மட்டும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சௌந்தர் அதைச் சொன்னான். "ஏய், பயப்படாத. நம்ம வீட்ல பெரியப்பா இருக்காங்க. இருபத்தாறு வருஷம், நூத்துப்பத்துப் பசங்க, ஒருத்தனைக்கூட தவறவிடாம எண்ணுன ஆளு. பெரியப்பா கண்ணுல படாம ஒரு கோழிக்குஞ்சு வெளிய போக முடியாது. என்ன பெரியப்பா, ஆதிரையை நீங்க பாத்துக்க மாட்டீங்களா?"

அம்மா, என்னைப் பற்றி நாலு பேர் முன்னால் அப்படி யாரும் சொன்னதில்லை. நான் ஓய்வு பெற்ற அன்றைக்குக்கூட வார்டன் ஒரு சால்வையைப் போட்டுவிட்டு வேறு ஒருவர் பெயரைச் சொன்னார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, "நான் எண்ணிக்கிறேன்ப்பா" என்றேன்.

பிரமிளா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஆதிரையின் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

ஆக, என்னையும் சேர்த்து இரண்டாவது வீட்டுக்கு மூன்று ஓட்டு. மூன்றாவது வீட்டுக்கு ஒன்று. ஆதிரையையும் சேர்த்தால் இரண்டு. மூன்றுக்கு இரண்டு, முடிவாகிவிட்டது. அதை வேறு மாதிரி நான் கூட்டிப் பார்க்கவில்லை.

நான் எண்ணுகிற விதத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. பிள்ளைகளை எண்ண முடியாது. ஓடும், ஒளியும், ஒருவன் இரண்டு தடவை வந்து நிற்பான். செருப்பு ஓடாது. விடுதி வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நூற்றுப்பத்துப் பேர் என்றால் இருநூற்றிருபது செருப்பு. சாத்தூரில் வெறுங்காலோடு எவன் வெளியே இறங்குவான்? கருவேல முள், வெயிலில் கொதிக்கிற தரை. செருப்பு இருந்தால் ஆள் உள்ளே. செருப்பு இல்லை என்றால் ஆள் வெளியே.

ஒரு பொங்கல் விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். வார்டன் பூட்டுப் போடுகிறார். வாசலில் ஒரு ஜோடி மிச்சம். "எவனோ மறந்துட்டுப் போயிருப்பான்யா" என்றார். நான் பூட்ட விடவில்லை. உள்ளே போய்த் தேடினேன். அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு பையன் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தான். அன்றைக்குப் பூட்டியிருந்தால் ஐந்து நாள் கழித்துத்தான் திறந்திருப்பார்கள். அந்தப் பையன் இன்று மதுரையில் வேலையில் இருக்கிறான். அதிலிருந்து செருப்பு சொன்னதை நான் மனிதன் சொன்னதற்கு மேலாக நம்புவேன்.

ஆரம்ப காலத்தில் பாதிப் பிள்ளைகளுக்குச் செருப்பே இருக்காது. அப்போது தட்டை எண்ணினேன். அது வேறு விஷயம்.

கிரீட் போய்ச் சேர்ந்தோம். படத்தில் இருந்த மாதிரியேதான் வீடு. நான் முதலில் கதவுகளைப் பார்த்தேன். படத்தில் ஐந்து, நேரிலும் ஐந்து. முன்வாசலில் ஒரு பாயை விரித்து, எல்லோரும் இங்கேதான் செருப்பைக் கழற்ற வேண்டும், வெளியே போனால் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும், வேறு கதவு வழியாக யாரும் போகக் கூடாது என்று சொன்னேன். எனக்கு அவ்வளவு சத்தமாகப் பேசி வழக்கமில்லை. ஆனால் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டதே.

ஐந்து பேர், ஆறு ஜோடி. நாச்சிமுத்துவுக்கு மட்டும் இரண்டு ஜோடி, நடக்கப் போக ஷூ, மற்ற நேரத்துக்கு ரப்பர் செருப்பு. மொத்தம் பன்னிரண்டு. ஆதிரையின் செருப்பு நான் சாத்தூர் பஜாரில் வாங்கிக்கொண்டு வந்தது. மஞ்சள் நிறம், மேலே ஒரு வாத்து, நடந்தால் கீச் கீச் என்று சத்தம் வரும். கண்ணுக்கு ஒரு காவல், காதுக்கு ஒரு காவல்.

வாசலிலிருந்து குளத்துக்கு எத்தனை எட்டு என்று நடந்து பார்த்தேன். வீட்டைச் சுற்றிப் போனால் எழுபத்திரண்டு. கூடத்தின் பின்பக்கக் கண்ணாடிக் கதவைத் தள்ளிவிட்டு நேராகப் போனால் முப்பத்தொன்று. அந்தக் கதவைப் பூட்டச் சொன்னேன். "காத்து வேணுமே பெரியப்பா" என்றான் சௌந்தர். பூட்டு திறப்பதும் மூடுவதுமாகத்தான் இருந்தது.

முதல் மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தண்ணீர் சும்மா இருக்காது அம்மா. காற்றே இல்லாவிட்டாலும் அசையும். சுவரில் வெளிச்சம் ஆடும். சாப்பிட உட்கார்ந்தால் கூரையில் அந்த வெளிச்சம் நெளியும். அப்போதெல்லாம் எழுந்து போய் எண்ணிவிட்டு வருவேன். பன்னிரண்டு. கொஞ்ச நேரம் நெஞ்சு அடங்கும். மறுபடி எழுந்திருப்பேன்.

"சம்பந்தி ஏர்ப்போர்ட்டுலயும் போயி செருப்பு எண்ணுவாரு போலிருக்குது" என்று நாச்சிமுத்து கேலி செய்வார். ஆதிரை என் பின்னாலேயே வருவாள். நான் எண்ணும்போது அவளும் குனிந்து பார்ப்பாள்.

"எதுக்குப் பெரிய தாத்தா எண்ணுறீங்க?"

"எல்லாரும் உள்ள இருக்காங்களான்னு பாக்கத்தான்."

"இல்லன்னா?"

"இல்லன்னா தாத்தாவுக்குப் பயமா இருக்கும்."

"செருப்பு இருந்தா பயம் வராதா?"

"வராது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். சின்னப் பிள்ளைதான், ஆனாலும் எதையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்ளும்.

நான்காம் நாள் மதியம். தயிர் இல்லை என்று சௌந்தரும் பிரமிளாவும் காரில் கடைக்குப் போனார்கள். ஆதிரை அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து கூடத்தில் சோபாவில் படுத்துக் குறட்டை விட்டார். நான் அடுக்களையில் தட்டுகளைக் கழுவினேன். ஐந்து தட்டு. முடித்துவிட்டு வாசலுக்குப் போனேன். இரண்டு பேர் போயிருக்கிறார்கள், ஆக எட்டு இருக்க வேண்டும். எட்டு இருந்தது. மஞ்சள் செருப்பு இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, வாத்து வெளிப்பக்கம் பார்த்த மாதிரி நேராக இருந்தன. எப்போதும் மூலைக்கு ஒன்றாகக் கிடக்கும். யாரோ எடுத்து ஒழுங்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பாய் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

கார் வந்தது. இரண்டு பேரும் செருப்பைக் கழற்றினார்கள். பன்னிரண்டு. எனக்கு அந்த மூன்று நாளில் வராத நிம்மதி அப்போது வந்தது. எல்லோரும் உள்ளே இருக்கிறோம்.

பிரமிளா நேராக அறைக்குப் போனாள். உடனே திரும்பி வந்தாள். "பெரிய மாமா, பாப்பா எங்கீங்க?"

அடுக்களைக் கடிகாரத்தில் மணி மூன்று பத்து.

"உள்ளதான்மா இருக்கா. செருப்பு இருக்கு பாரு" என்றேன்.

"கட்டில்ல இல்லீங்க."

"ஒளிஞ்சு விளையாடுவா. அலமாரியில பாரு. மூட்டை முடிச்சுக்குப் பின்னால பாரு." எனக்கு அந்தக் காய்ச்சல் பையன்தான் ஞாபகம். செருப்பு இருந்தால் ஆள் உள்ளே.

சௌந்தர் கட்டிலுக்கு அடியில் பார்த்தான். நாச்சிமுத்து எழுந்து வந்து, "தங்கம், தாத்தா கண்டுபுடிச்சுட்டேன், வா" என்று திரைச்சீலை ஒவ்வொன்றாக விலக்கினார். குளியலறை, பெட்டிகள், சலவை யந்திரத்துக்குள். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். "உள்ளதான்ப்பா. உள்ளதான். நான் எண்ணிட்டேன்." எல்லோரும் என்னை நம்பித்தான் தேடினார்கள். நான்கு அறையையும் இரண்டு தடவை பார்த்தார்கள்.

மணி மூன்று பதினேழு. பிரமிளா கூடத்தின் நடுவில் நின்றுவிட்டாள். பின்பக்கக் கண்ணாடிக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. ஒரு சாண்தான். பெரிய ஆள் நுழைய முடியாது.

அவள் கத்தவில்லை. அந்தக் கதவை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு ஓடினாள். வெறுங்காலோடு. நான் அதைத்தான் கவனித்தேன். அவள் செருப்பு பாயில்தான் இருந்தது.

குளத்தில் நீலமாக ஒரு துணி மிதந்தது. ஆதிரைக்கு ஒரு நீலக் கவுன் உண்டு, சின்ன வெள்ளைப்பூப் போட்டது. பிரமிளாவே தைத்தது. அன்றைக்கு அதைத்தான் போட்டிருந்தாள்.

பிரமிளாவுக்கு நீச்சல் தெரியாது. நேராக உள்ளே இறங்கிவிட்டாள். ஆழமான பக்கம். பின்னாலேயே சௌந்தர் குதித்தான். அவன் அவளைப் பிடித்துத் தூக்குகிறான், அவள் அவனைத் தள்ளிவிட்டு அந்தத் துணியைப் பிடிக்கப் போகிறாள். பிடித்துவிட்டாள். தூக்கினாள். மூக்கி. மீந்த துணியில் பொம்மைக்கும் அதே மாதிரி ஒரு கவுன் தைத்திருந்தாள். நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டோம்.

பொம்மை என்று தெரிந்ததும் நமக்கு உயிர் வந்துவிடும் என்று நினைப்பீர்கள். வரவில்லை அம்மா. பொம்மை தண்ணீரில் இருந்தால் பிள்ளை எங்கே இருப்பாள்? பிரமிளா பொம்மையை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினாள். சௌந்தர் முங்கி முங்கி எழுந்தான். நாச்சிமுத்து கரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, "முருகா, முருகா" என்று தரையில் தட்டினார்.

நான் குளத்துக்குப் போகவில்லை. கண்ணாடிக் கதவுக்கும் முன்வாசலுக்கும் நடுவில் நின்றேன். யாராவது ஒருவர் பாய்ப் பக்கம் இருக்க வேண்டும் அல்லவா? திரும்பத் திரும்ப எண்ணினேன். பன்னிரண்டு. பன்னிரண்டு. பன்னிரண்டு இருக்கும்போது எப்படி ஒருத்தி வெளியே இருக்க முடியும்? உங்களுக்குச் சொல்கிறேன், என் எண்ணிக்கை தப்பவில்லை. அன்றைக்கு ஒரு செருப்புகூட கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

குளத்துக்கு அந்தப் பக்கம் மோட்டாரை மூடி வைக்கிற ஒரு மரப்பெட்டி உண்டு, இடுப்பு உயரம். அதன் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"மூக்கியை நான் தள்ளலை. அவளேதான் விழுந்தா."

மணி மூன்று இருபத்தொன்று. மொத்தம் பதினொரு நிமிடம். அதில் ஏழு நிமிடம் வீட்டுக்குள்.

மூக்கிக்கு வேர்க்கிறது என்று குளிப்பாட்டக் கொண்டு போயிருக்கிறாள். பொம்மை கை நழுவி நடுவில் போய்விட்டது. அம்மா திட்டுவாள் என்று பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். தண்ணீரிலிருந்து ஒரு முழ தூரம். எல்லோரும் கத்தக் கத்த இன்னும் பயந்துபோய் வாயைத் திறக்கவில்லை.

பிரமிளா ஈரத்தோடு தரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். அவள் பாதத்தில் கல் கிழித்து ரத்தம் வந்தது. நான் அப்போதுதான் அங்கே போய்ச் சேர்ந்தேன். முப்பத்தொரு எட்டு. சௌந்தர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான். "செருப்புப் போடாம எப்படிம்மா வந்த? வெறுங்கால்ல போகக் கூடாதுன்னு பெரிய தாத்தா சொல்லியிருக்காங்கல்ல?"

ஆதிரை என்னைப் பார்த்தாள். "பெரிய தாத்தா பயப்படக் கூடாதுன்னு செருப்பை அங்கயே வச்சிட்டு வந்தேன்" என்றாள். "நேரா வச்சேன்."

தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. நான் "பன்னிரண்டு இருந்துச்சும்மா, நான் பாத்தேன்" என்றேன்.

பிரமிளா தலையைத் தூக்கினாள். "நீங்க எண்ணுனது சரிதானுங்க, பெரிய மாமா" என்றாள்.

அவள் வாயாலேயே சொன்னாள், பாருங்கள். என் மேல் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் வாசலுக்குப் போனால் பாய் காலியாக இருந்தது. எல்லாச் செருப்பையும் பிரமிளா எடுத்து அவரவர் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டாள். என்னுடையது மட்டும் பாயில் இருந்தது. அடுத்த இரண்டு நாளும் ஆதிரையின் கையை அவள் விடவே இல்லை. சாப்பிடும்போதுகூட ஒரு கையால் பிடித்துக்கொண்டே சாப்பிட்டாள். நாச்சிமுத்து கேலி செய்வதை நிறுத்திவிட்டார். "சாப்புடுங்க சம்பந்தி", "படுங்க சம்பந்தி", அவ்வளவுதான். ஸ்டுட்கார்ட் திரும்பிய மூன்றாம் நாள் எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று பிரமிளா சொன்னாள்.

எனக்கு என்னவோ அன்றையிலிருந்து கண்ணை மூடினால் கூரையில் அந்த வெளிச்சம் நெளிகிறது. பகலில்கூட. குழாயில் தண்ணீர் விழுந்தால் எழுந்து நிற்கிறேன். எதை எண்ணுவது என்று தெரியவில்லை. முன்பெல்லாம் எண்ணி முடித்தால் பயம் போய்விடும். இப்போது எண்ணி முடித்த பிறகுதான் பயம் வருகிறது.

அதனால் சொல்கிறேன். படம் காட்டினால் குளம் எவ்வளவு நீலம் என்று பார்க்காதீர்கள். எத்தனை கதவு என்று கேளுங்கள். வேலி இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் யாராவது ஒரு பெரியவர், நான் பார்த்துக்கொள்கிறேன், நான் எண்ணிக்கொள்கிறேன் என்று சொன்னால் அதை நம்பி ஓட்டுப் போடாதீர்கள். ஒரே வாசல் உள்ள வீடாக எடுங்கள். பூனை இருந்தால் நல்லது.

இன்னும் ஒன்று இருக்கிறது. உண்மையில் அதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இன்று காலையில் சௌந்தர் மட்டும்தான் என்னைக் கொண்டுவந்து விட்டான். விட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போய்விட்டான். கிளம்புவதற்கு முன்னால் ஆதிரை என் அறைக்கு வந்து பை பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். "பெரிய தாத்தா, ஏரோப்ளேன்ல பயப்படாதீங்க" என்றாள். "பயப்பட மாட்டேன்" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

சற்று முன் அந்தச் சோதனை நடக்கிற இடத்தில் எல்லோரையும் காலில் இருப்பதைக் கழற்றச் சொன்னார்கள். தட்டுத் தட்டாக ஷூ போகிறது. நான் எண்ணவில்லை. என் பையில் ஏதோ இருக்கிறது என்று ஓர் அதிகாரி தனியே எடுத்து வைத்துத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். துண்டுக்கு அடியில் கையை விட்டு அழுத்தினார். கீச் என்றது.

அவர் சிரித்தார். இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்.

நீங்கள் சிரிக்காதீர்கள் அம்மா. இந்த மஞ்சள் செருப்பு இங்கே இருக்கிறது என்றால் அந்தப் பிள்ளை இப்போது வெறுங்காலோடு இருக்கிறாள். ஸ்டுட்கார்ட் வீடு மூன்றாம் மாடி. பால்கனிக் கதவும் கண்ணாடிதான். கீழே சாலை. என் போனில் இந்த ஊர் சிம் இல்லை, சௌந்தர் காலையிலேயே கழற்றி வாங்கிக்கொண்டான். இந்தத் தாளில் பிரமிளாவின் எண் இருக்கிறது. பன்னிரண்டு இலக்கம், சரிபார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். நம் விமானத்துக்குக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், உங்கள் வீட்டுக்காரர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறார். அதற்குள் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுத் தருகிறீர்களா? நான் பேசவில்லை. நீங்களே பேசுங்கள். நான் கேட்டேன் என்றுகூடச் சொல்ல வேண்டாம்.

ஆதிரை வீட்டில் இருக்கிறாளா என்று மட்டும் கேளுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கையால் தொட்டுப் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

வீட்டிலிருந்து கிளம்பும்போது பையில் நான் வைத்தது இருபத்துமூன்று பொருள். அவர் எடுத்து வைத்தது இருபத்தைந்து. மிச்சம் இரண்டு.